தெருமுனைப் பையன்களா, கும்பலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருஷங்களாகக் குடியிருப்போர் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. தண்ணீர், குப்பை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர், "அப்புறம் அந்தப் பசங்க விஷயம்..." என்று இழுப்பார். எழுந்தவர்கள் எல்லாரும் மறுபடி உட்காருவார்கள். அப்படி வந்த கேள்விகளையும், அவற்றுக்குப் பதில் தேடிப் படித்ததையும் இங்கே போட்டிருக்கிறேன்.

நாலு பையன்கள் சேர்ந்து நின்றாலே அது கேங்தானா?

இல்லை. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதில் ஆய்வாளர்களே பல காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கிய யூரோகேங் என்ற குழு கடைசியில் ஒரு வரையறைக்கு வந்தது. குழு சில மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். அதன் வாழ்க்கை தெருவிலும் பொது இடத்திலும் நடக்க வேண்டும். உறுப்பினர்கள் இளையவர்களாக இருக்க வேண்டும். சட்டவிரோதச் செயல் அந்தக் குழுவின் அடையாளத்திலேயே கலந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் வித்தியாசம். ஏழு பேரில் ஒருவன் திருடுகிறான் என்பது வேறு. 'நாங்கள் யார் தெரியுமா' என்று கேட்டால் அந்தத் திருட்டையே பதிலாகச் சொல்லும் குழு வேறு. சட்டை நிறம், பச்சை குத்தியது, கைச்சைகை, பட்டப்பெயர் எதுவும் அந்த வரையறையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாம் தெருவில் பார்த்து முடிவு செய்வதெல்லாம் அவற்றை வைத்துத்தான்.

நம் மொழியிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 'கூட்டாளிகள்' என்றால் சிரிப்பு வருகிறது, 'செட்டு' என்றால் பரவாயில்லை, 'கோஷ்டி' என்றால் சண்டை வாடை, 'கும்பல்' என்றால் போலீஸ். நிற்பதென்னவோ அதே ஐந்து பேர்.

இப்படிப்பட்ட குழுக்கள் எப்படித்தான் உருவாகின்றன?

1927-ல் பிரெடெரிக் திராஷர் என்பவர் சிகாகோவில் 1,313 குழுக்களைக் கணக்கெடுத்து எழுதினார். அவர் கண்டது எளிமையானது. பெரும்பாலானவை விளையாட்டுக் குழுக்களாகவே தொடங்கின. ஒன்றாகத் திரிந்த பையன்களுக்கு எதிரி ஒருவர் கிடைத்தபோதுதான் அவை இறுகின. எதிரி பக்கத்துத் தெருக் குழுவாக இருக்கலாம், விரட்டிவிடும் பெரியவர்களாகவும் இருக்கலாம். அதாவது அக்கம்பக்கத்தார் பார்க்கும் பார்வையும் குழுவை உருவாக்கும் பொருட்களில் ஒன்று. இதைக் கூட்டத்தில் சொன்னால் கோபப்படுவார்கள், "அப்ப தப்பு எங்க மேலயா?" என்று. அப்படி இல்லை. வறுமை, பள்ளியை விட்டு நிற்பது, வேலையில்லாமை, வீட்டில் ஆள் இல்லாதது, ஏற்கெனவே அதில் இருக்கும் அண்ணன் எல்லாம் சேர்ந்துதான் குழு உண்டாகிறது. ஆனால் இந்தப் பட்டியலில் நம் கையில் இருப்பது நம் பார்வை ஒன்றுதான்.

ஒரே தெருவில் இருப்பவர்களுக்கு அதே பையன்கள் ஏன் வேறு வேறாகத் தெரிகிறார்கள்?

நான் பார்த்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். பூங்கா வாசலில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே ஒரு சிமெண்ட் திண்டு. சாயங்காலம் ஆறேழு பையன்கள் அங்கே உட்காருவார்கள். சத்தம், பாட்டு, சில நாள் கைகலப்பு. அந்தத் திண்டை இடித்துவிடலாமா என்பதுதான் அன்றைய பேச்சு.

மூன்றாம் மாடிப் பாட்டி முதலில் எழுந்தார். "அதுல பெரியவன் தான் என் சாமான் பையை மேல வரைக்கும் தூக்கிட்டு வரான். நீங்க யாராவது வந்தீங்களா?" புதிதாகக் குடிவந்த ஒருவர், வேலை முடிந்து வரும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவதாகச் சொன்னார். அவர்கள் ஏதாவது செய்தார்களா என்று கேட்டதற்கு, "இல்ல, பார்க்கறாங்க" என்றார். பதினைந்து வயதுப் பையனின் அம்மாவுக்கு அவர்கள் தன்னை அடித்துவிடுவார்கள் என்ற பயமே இல்லை. தன் மகனை "வாடா" என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்பதுதான் பயம். நாற்பது வயதுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "நானும் அந்தத் திண்டுல உட்கார்ந்தவன்தான்" என்றார். அவர் சிரித்தது பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை.

குறிப்பெடுத்துக்கொண்டே வந்தபோது ஒன்று புரிந்தது. பெயர் தெரிந்தவர்கள் 'பசங்க' என்றார்கள். தெரியாதவர்கள் 'அவனுங்க' என்றார்கள்.

சரி, பழகினால் பயம் போய்விடும் என்று முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது ஒரு பதினேழு வயதுப் பெண் பேசினாள். அந்தத் திண்டில் இருக்கும் அத்தனை பேர் பெயரும் அவளுக்குத் தெரியும், பாதிப் பேர் அவளோடு படித்தவர்கள். ஆனாலும் தினமும் சுற்றுவழியாகத்தான் வீட்டுக்குப் போகிறாள். "எல்லாரும் இல்ல. அந்த ரெண்டு பேர். மத்தவங்க பேசாம இருப்பாங்க, அதுவும் தான் பிரச்சினை" என்றாள். அன்று பேசியதில் உபயோகமான பேச்சு அது ஒன்றுதான். பெயர் தெரிவதால் பயம் போய்விடவில்லை. போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போனது.

பயம், உண்மையான ஆபத்தின் அளவுக்குத்தானே இருக்கும்?

இருக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். வன்முறைக்கு அதிகம் பலியாவது இளம் ஆண்கள், அதிலும் அந்தக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். அதிகம் பயப்படுவதாகச் சொல்வது பெண்களும் வயதானவர்களும். அவர்கள் பயம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. விழுந்தால் எலும்பு சேராத வயதில் சின்ன ஆபத்தும் பெரிய ஆபத்துதான். தவிர, அந்தப் பெண்ணைப் போலச் சுற்றுவழியில் போகிறவர்கள் போவதால்தான் பலியாகாமல் இருக்கிறார்கள்.

இன்னொரு கோணமும் உண்டு, கொஞ்சம் சங்கடமானது. ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிகாகோவில் வாகனத்தை மெதுவாக ஓட்டியபடி தெருத் தெருவாக வீடியோ எடுத்தார்கள். உடைந்த கண்ணாடி, சுவர்க் கிறுக்கல், மூலையில் நிற்கும் கூட்டம் என்று கண்ணில் படுவதை எண்ணினார்கள். அப்புறம் அங்கே வசிப்பவர்களிடம், உங்கள் பகுதி எவ்வளவு ஒழுங்கற்றது என்று கேட்டதை இதோடு ஒப்பிட்டார்கள். 2004-ல் வெளியான முடிவு இது: வீடியோவில் ஒரே அளவு ஒழுங்கீனம் இருந்தாலும், கறுப்பினத்தவரும் ஏழைகளும் அதிகம் வசிக்கும் பகுதியில் மக்கள் கூடுதல் ஒழுங்கீனத்தைப் 'பார்த்தார்கள்'. கறுப்பினத்தவர்களும் அப்படியேதான் பார்த்தார்கள். யார் நிற்கிறார்கள் என்பது, என்ன செய்கிறார்கள் என்பதை முந்திக்கொள்கிறது. இன்ன நிறம், இன்ன சாதி, இன்ன மொழி, இன்ன குடியிருப்பு என்று எந்த ஊரிலும் இதற்கு ஒரு வடிவம் இருக்கும்.

செய்தித்தாளும் தொலைக்காட்சியும் எவ்வளவு காரணம்?

நிறைய. பழைய உதாரணம் 1964 ஈஸ்டர் விடுமுறை. இங்கிலாந்தில் கிளாக்டன் என்ற கடற்கரை ஊர். குளிர், மழை, கடைகள் மூடல், போரடித்த இளைஞர்கள். உடையிலும் பாட்டிலும் வேறுபட்ட மாட்ஸ், ராக்கர்ஸ் என்று அவர்கள் இரண்டு பிரிவாகத் தள்ளுமுள்ளு செய்தார்கள், சில கண்ணாடிகள் உடைந்தன. மறுநாள் செய்தித்தாள்களைப் படித்தவர்கள் ஊரே சூறையாடப்பட்டது என்று நம்பினார்கள். ஸ்டான்லி கோஹென் இதை ஆராய்ந்து 1972-ல் வெளியிட்ட நூலால்தான் 'ஒழுக்கப் பீதி' என்ற கருத்து, அதாவது ஒரு கூட்டத்தைச் சமூகத்துக்கே ஆபத்து என்று ஊதிப் பெரிதாக்கும் பயம், பரவலானது. பீதி எழுதப்பட்டபின் அடுத்த விடுமுறைக்குக் கூடுதல் போலீஸ் வந்தது, கூடுதல் நிருபர்கள் வந்தார்கள், வேடிக்கை பார்க்கவும் சண்டை போடவும் கூடுதல் இளைஞர்களும் வந்தார்கள். தங்களை மாட் என்றோ ராக்கர் என்றோ முன்பு பெரிதாக நினைத்திராதவர்களும் இப்போது பக்கம் எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு நிருபர்கூடத் தேவையில்லை. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மங்கலான ஒரு படமும், 'இவர்களைத் தெரிந்தால் சொல்லவும்' என்ற ஒரு வரியும் போதும். அந்தப் படத்தில் இருந்தவன் தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவன் என்று தெரிந்தபின், 'சாரி' என்று யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

சுவரில் கிறுக்கியிருந்தால் அது கும்பலின் எல்லைதானே?

சில நேரம் ஆமாம். பெரும்பாலும் இல்லை. தன் பெயரைப் பத்துச் சுவரில் எழுதிப் பார்க்கும் ஆசைதான் அதிகம். எழுத்தின் மேல் கோடு போட்டு அடித்து வேறொரு பெயர் எழுதியிருந்து, அதற்கு மேல் மறுபடி கோடு விழுந்திருந்தால் மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.

சில இடங்களில் மக்களே கும்பலை ஆதரிக்கிறார்களாமே? அது எப்படி?

ஆதரவு என்ற சொல் சரியா என்று தெரியவில்லை. ஒத்துப்போதல் என்று சொல்லலாம். சுதிர் வெங்கடேஷ் என்ற சமூகவியலாளர் 1990-களில் சிகாகோவின் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் வருஷக்கணக்கில் பழகி எழுதினார். அங்கே போதைப்பொருள் விற்ற கும்பல், தகராறுகளைத் தீர்த்துவைத்தது, விளையாட்டுக்குப் பணம் கொடுத்தது, பாதுகாப்பும் கொடுத்தது. அதே கும்பல்தான் துப்பாக்கிச் சண்டையையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. கூப்பிட்டால் போலீஸோ ஆம்புலன்ஸோ வராத இடத்தில் குடியிருப்பவர்கள் அவர்களோடு பேரம் பேசினார்கள்: பள்ளி விடும் நேரத்தில் விற்காதே, விளையாட்டு மைதானத்தில் நிற்காதே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கூட்டுச்சதி. உள்ளே இருக்கும் தாய்க்கு அது பிள்ளையைப் பள்ளியிலிருந்து உயிரோடு கூட்டிவரும் ஏற்பாடு.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், ஃபவேலா எனப்படும் ஏழைக் குடியிருப்புகள் சிலவற்றில் ஊரடங்கை அறிவித்தது அரசு அல்ல, அங்கிருந்த போதைக் கும்பல்கள். மக்கள் அடங்கி வீட்டில் இருந்தார்கள். அது மரியாதையா பயமா என்று அவர்களைக் கேட்டிருந்தாலும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்படிக் கூடவே இருந்து ஆராய்வதில் முன்னோடி வில்லியம் ஃபூட் வைட் என்ற சமூகவியலாளர். 1930-களின் கடைசியில் பாஸ்டனின் வடக்கு முனைப் பகுதியில், இத்தாலியக் குடியேறிகளின் நடுவே குடியிருந்து தெருமுனைப் பையன்களோடு பழகினார். அந்தப் பகுதி ஒழுங்கில்லாத சேரி என்று வெளியில் பெயர். அவர் பார்த்ததோ, யார் யாருக்குக் கடன்பட்டவர், யார் சொன்னால் யார் கேட்பார் என்று கணக்கு வைத்திருக்கும் ஒரு ஒழுங்கு. பந்து உருட்டும் விளையாட்டில்கூடத் தலைவனை முந்தாத அளவுக்கு ஒழுங்கு.

பிடிக்காதவர்களும் ஏன் போலீஸிடம் வாய் திறப்பதில்லை?

பழிவாங்குவார்கள் என்ற பயம் முதல் காரணம். அதை எல்லாரும் சொல்வார்கள். சொல்லாத காரணங்கள் வேறு. அவன் தங்கை மகன். அவன் அப்பாவிடம் கைமாற்று வாங்கியிருக்கிறோம். சொன்னால் அந்த இரண்டு பேரைப் பிடிக்க வருகிறவர்கள் ஏழு பேரையும் அள்ளிக்கொண்டு போவார்கள், அதில் நம் வீட்டுப் பையனும் இருப்பான். போன தடவை புகார் கொடுத்தவர் பெயர் மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இதில் எதையுமே கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெண்பிள்ளைகளும் இப்படிக் குழுக்களில் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், நாம் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் போலீஸ் கணக்குப்படி கேங் உறுப்பினர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பள்ளிப் பிள்ளைகளிடம் பெயர் கேட்காமல் நடத்திய ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கும், சிலவற்றில் அதற்கு மேலும் வந்தது. பையன் என்றால் 'கும்பலில் சேர்ந்துவிட்டான்' என்கிற அதே வாய், பெண் என்றால் 'கெட்ட சகவாசம்' என்கிறது. வீட்டில் அடி தாங்காமல் அங்கே போன பெண்ணுக்கு அந்தக் குழுவுக்குள்ளேயும் அடி காத்திருக்கும். உதவி என்று வரும்போது அவள் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை.

ஒரு தடவை உள்ளே போனால் வெளியே வரவே முடியாதா?

இந்தக் கதையை அதிகம் பரப்புவது கும்பல்களும் சினிமாவும்தான். ராச்செஸ்டர், டென்வர், சியாட்டில் ஆகிய அமெரிக்க நகரங்களில் ஒரே பிள்ளைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் உண்டு. பெரும்பாலானவர்கள் ஒரு வருஷமோ அதற்கும் குறைவாகவோதான் கேங்கில் இருந்தார்கள். நான்கு, ஐந்து வருஷம் தொடர்ந்தவர்கள் சிறுபான்மை. வெளியேறியதும் நாடகமாக இல்லை. வேலை கிடைத்தது, வீடு மாறியது, குழந்தை பிறந்தது, நண்பன் செத்தான், அலுத்துவிட்டது. வருவது குறைந்தது, அப்புறம் வரவில்லை. கேங் பெரிய வணிகமாகவே ஆகிவிட்ட இடங்களில் இது இவ்வளவு சுலபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அக்கம்பக்கத்தார் மனசுக்கு வெளியேறும் வாசல் கிடையாது. பதினாறு வயதில் திண்டில் உட்கார்ந்தவனை இருபத்தைந்து வயதிலும் "அந்த கேஸா?" என்றுதான் கேட்பார்கள். பெண் பார்க்கப் போனாலும் வேலைக்குப் போனாலும் அந்தக் கேள்வி முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் கிரெக் பாயில் என்ற பாதிரியார் 1988-ல் தொடங்கிய பணி ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என்று வளர்ந்தது. வெளியே வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதோடு, முகத்திலும் கழுத்திலும் குத்திய பச்சையை இலவசமாக அழித்தும் விடுகிறார்கள். பச்சையை அழித்துவிடலாம்.

போலீஸ் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டால் போதாதா? பெயர் தெரிய வேண்டும் என்று நீங்களும்தானே சொன்னீர்கள்?

நல்ல மடக்கு. பெயரை எழுதிவைப்பது வேறு, ஆளைத் தெரிந்துவைத்திருப்பது வேறு.

கலிஃபோர்னியா மாநிலத்தில், கேங் உறுப்பினர்கள் என்று போலீஸ் கருதுகிறவர்களின் பெயர்களை வைத்திருக்கும் கால்கேங் என்றொரு தரவுத்தளம். 2016-ல் மாநிலத் தணிக்கையாளர் அதைத் திறந்து பார்த்தபோது, பதிவு செய்த தேதிப்படி ஒரு வயதுகூட நிரம்பாத 42 பேர் அதில் இருந்தார்கள். அதில் 28 பேர் தாங்கள் கேங் உறுப்பினர்கள் என்று 'தாங்களே ஒப்புக்கொண்டதாக'ப் பதிவு. எழுத்துப் பிழை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே கவனத்தோடுதான் பதினேழு வயதுக்காரன் பெயரும் ஏறியிருக்கிறது.

லண்டனில் 2011 கலவரத்துக்குப் பிறகு 2012-ல் போலீஸ் ஒரு கேங் பட்டியல் போட்டது. யாரோடு படத்தில் நிற்கிறான், எந்தப் பாட்டு வீடியோவைப் பகிர்கிறான் என்பதெல்லாம் அதில் கணக்கு. பட்டியலில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள். வீடு, படிப்பு, வேலை தரும் அமைப்புகள் வரை அந்தத் தகவல் போனது. மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி 2018-ல் இதை அம்பலப்படுத்தியது, 2024-ல் போலீஸ் பட்டியலையே கைவிட்டது.

சிகாகோ நகராட்சி 1992-ல் போட்ட சட்டம் இன்னும் நேரடியானது. கேங் உறுப்பினர் என்று போலீஸ்காரர் கருதும் ஒருவரோடு யாராவது வெளிப்படையான காரணமில்லாமல் நின்றால், கலைந்துபோகச் சொல்லலாம், போகாவிட்டால் கைது. மூன்று வருஷத்தில் 42,000-க்கும் மேற்பட்ட கைதுகள். எது காரணம், எது காரணமில்லை என்று சட்டத்தில் தெளிவே இல்லை என்று சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999-ல் அதை ரத்து செய்தது. அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களில் அந்தப் பகுதிகளில் வசித்த சாதாரண மக்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டு வாசலில் சுடும் சத்தம் கேட்டவர்களுக்குச் சட்ட நுணுக்கம் இரண்டாவதுதான்.

எல்லாரையும் பிடித்து உள்ளே போட்டால் தீர்ந்துவிடுமே? எல் சால்வடாரில் அப்படித்தானே செய்தார்கள்?

செய்தார்கள், கொலைகள் மளமளவென்று குறைந்தன. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2022 மார்ச்சில் ஒரே வார இறுதியில் 87 பேர் கொல்லப்பட்டதும் அந்த மத்திய அமெரிக்க நாட்டில் அவசர நிலை வந்தது. அதன் பிறகு 80,000-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். கப்பம் கட்டியே கடை நடத்தியவர்களும், எதிர்க் கும்பலின் தெருவில் இருக்கும் அத்தையைப் பார்க்கக்கூடப் போக முடியாமல் இருந்தவர்களும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். 2024-ல் அதைக் கொண்டுவந்த அதிபரையே பெரும் வித்தியாசத்தில் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். கோபத்தில் போட்ட ஓட்டு அது என்று ஒதுக்க முடியாது.

மறுபக்கம், அந்தக் கைதுகளில் பல, பெயர் சொல்லாத ஒரு தொலைபேசிப் புகாரின் பேரில் நடந்தவை. ஆயிரக்கணக்கானவர்களைப் பிறகு அரசே விடுவித்தது. சிறைக்குள் இறந்தவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் மேல் இருக்கும் வரப்புச் சண்டைக்கும் அந்தத் தொலைபேசி எண் உதவும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். அந்தக் கும்பல்களின் வேர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ். 1980-களில் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி அங்கே ஓடியவர்களின் பிள்ளைகளிடம் அது வளர்ந்தது, நாடு கடத்தப்பட்டபோது ஊர் வந்து சேர்ந்தது. 2003-ல் இதே நாடு 'இரும்புக் கரம்' என்று முதல் தடவை ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே தள்ளியது. கும்பல் வாரியாகச் சிறை பிரித்தது. கும்பல்கள் சிறைக்குள் உட்கார்ந்து முன்பைவிட நன்றாக அமைப்பாகின.

அப்படியானால் எதுதான் வேலை செய்திருக்கிறது?

குறிவைத்தது வேலை செய்திருக்கிறது. பாஸ்டனில் 1990-களின் நடுவில் இளைஞர் கொலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். 61 கும்பல்கள், ஏறக்குறைய 1,300 உறுப்பினர்கள். நகரத்தின் இளைஞர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் அவர்களைச் சுற்றி நடந்திருந்தது. 1996-ல் அவர்களை நேரில் அழைத்து, போலீஸ், மதகுருமார், சமூகப் பணியாளர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சொன்னார்கள்: சுடுவதை நிறுத்துங்கள், உதவி வேண்டுமா, இங்கே இருக்கிறது, நிறுத்தாவிட்டால் உங்கள் கும்பல் முழுவதன் மேலும் கவனம் வரும். இளைஞர் கொலைகளின் மாதச் சராசரி 63 சதவீதம் குறைந்தது என்று பிறகு வந்த மதிப்பீடு சொன்னது. முழுப் பெருமையும் அந்தத் திட்டத்துக்கா என்று வாதம் இன்னும் நடக்கிறது. 2008-ல் கிளாஸ்கோவில் அதே முறையைக் கத்திச் சண்டைக் கும்பல்களோடு செய்து பார்த்தார்கள். நீதிமன்ற அறையில் அந்தப் பையன்களை உட்காரவைத்து, கத்திக்குத்தில் சிதைந்த முகங்களைத் தைக்கும் மருத்துவரும், தாக்கப்பட்ட ஒரு பையனின் தாயும் பேசினார்கள். போலீஸ் அதிகாரி பேசியதைவிட அந்தத் தாய் பேசியபோதுதான் அறை அமைதியானதாம்.

நல்லெண்ணத்தில் செய்து கெட்டுப்போன கதையும் உண்டு. 1960-களில் லாஸ் ஏஞ்சலஸில் கேங்குகளுக்கென்று பணியாளர்களை நியமித்து, அவர்களுக்குக் கூட்டம், சுற்றுலா, விளையாட்டு என்று நடத்தினார்கள். மால்கம் க்ளைன் என்ற ஆய்வாளர் அதை ஆராய்ந்தபோது குற்றம் கூடியிருந்தது. காரணம், கும்பலைக் கும்பலாகவே நடத்தியதால் அது இன்னும் இறுகியது. அடுத்த முயற்சியில் தனித்தனி ஆளாகப் பிரித்து, ஒருவனுக்கு வேலை, ஒருவனுக்குப் படிப்பு என்று போனபோது குழு தளர்ந்தது, குற்றமும் குறைந்தது.

குடியிருப்பவர்களாகிய நாங்கள் என்ன செய்ய முடியும்?

1997-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக சாம்ப்சனும் அவரோடு இருந்தவர்களும் சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்ட கேள்விகளை நீங்களே உங்கள் தெருவுக்குக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுத் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? சுவரில் பெயின்ட் அடித்தால்? பெரியவர் ஒருவரிடம் மரியாதையில்லாமல் பேசினால்? உங்கள் வாசலில் சண்டை மூண்டால்? 'செய்வார்கள்' என்ற பதில் அதிகம் வந்த இடங்களில், வறுமை அதே அளவு இருந்தாலும் வன்முறை குறைவு. 'செய்வது' என்பது விரட்டுவது அல்ல. "இன்னும் வீட்டுக்குப் போகலியா தம்பி?" என்று ஒருவர் கேட்பதும் அதில் சேர்த்தி.

பேசுவதென்றால் ஒருவன் தனியாக இருக்கும்போது பேசுங்கள். கூட்டாளிகள் முன்னால் எந்தப் பையனும் இறங்கி வர மாட்டான், அவனால் முடியாது. நிற்பதற்காகப் போலீஸைக் கூப்பிடாதீர்கள். ஆயுதம் பார்த்தாலோ, யாரையாவது அடித்தாலோ, பெண்களைப் பின்தொடர்ந்தாலோ தயங்காமல் கூப்பிடுங்கள். புகாரில் 'ஒரு கும்பல்' என்று எழுதாமல், யார், என்ன, எப்போது என்று எழுதுங்கள்.

என் மகன் அந்தப் பையன்களோடு சேர ஆரம்பித்திருக்கிறான். தடுத்துவிடலாமா?

தடுத்தால் ஒளிந்து போவான். திடீரென்று கையில் காசு, விளக்கம் சொல்லாத காயம், பழைய நண்பர்கள் மொத்தமாக விலகுவது, ஒரு குறிப்பிட்ட தெருப் பக்கம் போகவே மறுப்பது, இவைதான் கவலைப்பட வேண்டியவை. தலைமுடி அலங்காரமும் சட்டையும் அல்ல. முடிந்தால் அந்தப் பையன்களை ஒரு நாள் வீட்டுக்குள் கூப்பிடுங்கள். யார் கண்ணைப் பார்த்துப் பேசுகிறான், யார் சொன்னால் மற்றவர்கள் எழுகிறார்கள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கூட்டத்தில் இதைப் பேசும்போது அந்தப் பையன்களையும் கூப்பிடலாமா?

கூப்பிடலாம். எல்லாரும் வர மாட்டார்கள். வருகிறவர்கள் முதல் தடவை வாயே திறக்க மாட்டார்கள்.

அந்தத் திண்டு விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இடிக்க வேண்டாம், ஆனால் பையன்கள் உட்காராமல் இருக்க விளக்கை மட்டும் எடுத்துவிடலாம் என்று அன்று முடிவானது. விளக்கு போனது. பையன்கள் போகவில்லை, இருட்டில் உட்கார்ந்தார்கள். சுற்றுவழியில் போன பெண் இப்போது இன்னும் சீக்கிரம் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் கழித்து நடந்த கூட்டத்துக்குப் பாட்டி வற்புறுத்தியதில் மூன்று பேர் வந்தார்கள். அந்த இரண்டு பேர் வரவில்லை. பின் வரிசையில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சாமான் பை தூக்கும் பெரியவன் எழுந்து, "லைட்ட திரும்பப் போட முடியுமா சார்? யார் வராங்கன்னே தெரியல, பயமா இருக்கு" என்றான்.